முதல் இடம் – 9: உலை வைக்கும் முன் ஒரு பிடி

மிசோரம் மலைகளில் ஒரு கிறிஸ்தவப் பெண் சோற்றுக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப் பாத்திரத்தில் போடுகிறாள். அதன் பிறகுதான் மிச்ச அரிசியைக் களைந்து உலையில் இடுகிறாள். சமைக்கிற ஒவ்வொரு வேளையும் இப்படித்தான். வாரம் ஒருமுறை சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அந்த அரிசியை வாங்கி ஒன்றாகச் சேர்த்து விற்று, பணத்தை ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். 'பூஃபாய் தாம்' என்று அவர்கள் சொல்லும் இந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கை 1910-ல் தொடங்கியது. இதன் மூலம் மட்டும் மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு இன்று ஆண்டுதோறும் கோடிகளில் பணம் சேருகிறது. பெரிய தொழிற்சாலையோ துறைமுகமோ இல்லாத சின்ன மாநிலம் அது.

அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் மிஷனெரிகள் இருவர் அந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தது 1894 ஜனவரியில். பதினாறே ஆண்டு வயதான சபை, கையில் காசு புழங்காத ஜனங்கள். வழக்கம் தொடங்கிய மறு ஆண்டே பஞ்சம் வந்தது. அங்கே ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒருமுறை மூங்கில் காடு முழுவதும் ஒருசேரப் பூத்துக் காய்க்கும். காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் அவை வயலுக்கு இறங்கி நெல்லை அழிக்கும். 1911-லும் 1959-லும் 2007-லும் அது நடந்தது. மூன்று பஞ்சங்களைக் கடந்து அந்த வழக்கம் இன்றும் நிற்கிறது.

அந்தப் பிடி எடுக்கப்படும் நேரம்தான் என்னை மிகவும் தொடுகிறது. சாப்பிட்டு முடித்து, பானையில் மிஞ்சியதைப் பார்த்து எடுப்பதில்லை. இன்றைக்கு விருந்தாள் வருவாரா, பிள்ளை இன்னொரு கரண்டி கேட்பானா என்று எதுவும் தெரியாத நேரத்தில் எடுக்கிறாள். ஆண்டவரை முதலில் வைப்பது என்று நாம் பேசுவதெல்லாம் இந்தத் தெரியாத நேரத்தைப் பற்றியதுதான் என்று நான் நம்புகிறேன். போதுமா போதாதா என்பது தெரிந்த பிறகு கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் அங்கே ஆண்டவருக்குக் கிடைப்பது கடைசி இடம்.

நம் திருநெல்வேலிச் சபைகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. கைப்பிடி அரிசிக் கலயம் நம் பாட்டிமார் அடுப்பங்கரையிலும் இருந்தது. மரத்தில் முதலில் விழுந்த தேங்காயும் கோழி இட்ட முதல் முட்டையும் ஆலயத்துக்குப் போகும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அந்தத் தேங்காயை அண்டை வீட்டார் நாலு மடங்கு விலைக்கு எடுப்பார்கள். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் சபையார் கொடுப்பதே போதும் என்று துணிந்தார்கள். அதை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகித் தோர்ணக்கல் போன பிறகும், அங்கிருந்த நிலமற்ற ஏழைகளிடம் கொடுப்பதைப் பற்றிப் பேச அவர் தயங்கவில்லை. ஏழை என்பதால் ஒருவரிடம் கேட்காமல் விடுவதும் அவரை அவமதிப்பதுதான். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காக அரிசி வாங்கப் போகும் அக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: "கையை விட்டாலே தெரியும் ஐயா. பொன்னி பொங்குற வீட்டுல இருந்து ரேஷன் அரிசி வரும். ரேஷன் அரிசி பொங்குறவங்க அதையே சுத்தமாப் புடைச்சு, கல்லு பொறுக்கிக் குடுப்பாங்க." குருடும் ஊனமுமான ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களிடம் மல்கியா தீர்க்கதரிசி கோபித்துக் கேட்டது இதைத்தான். நாம் சாப்பிடுகிற அரிசியில் எடுத்தால்தான் அது பிடி அரிசி.

சாறிபாத் விதவையின் கதையை (1 இராஜாக்கள் 17) இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டுத் தின்று மகனோடு சாகத்தான் அவள் விறகு பொறுக்குகிறாள். எலியாவோ, முதலில் தனக்கு ஒரு சின்ன அடை செய்துவரச் சொல்கிறார். செய்தாள், மாவு குறையவில்லை. பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கே நின்று, கொடுங்கள், நூறு மடங்காய் வரும் என்று வாக்குக் கொடுக்கின்றன. அது எனக்கு வேதனை தருகிறது. அவள் பானை நிரம்பி வழிந்ததாக வேதம் சொல்லவில்லை. அன்றன்றைக்குச் சுட மாவு இருந்தது, அவ்வளவே. அதே அதிகாரத்தில் அடுத்து வருவது அவள் மகனின் மரணம். முதல் அடையைக் கொடுத்த வீட்டுக்குள்ளும் சாவு வந்தது. அவள் எலியாவிடம் ஆத்திரப்பட்டுக் கேள்வி கேட்டாள். எலியா அந்தக் கேள்வியை அப்படியே கர்த்தரிடம் கொண்டுபோய்க் கதறினார். பிள்ளை பிழைத்தான். ஆண்டவருக்கு முதலிடம் கொடுத்த வீட்டில் நோயும் கடனும் வரும்போது, "எங்கே தவறினோம்" என்று தங்களையே வாட்டிக்கொள்ளும் தாய்மார் அந்த அதிகாரத்தைக் கடைசி வசனம் வரை வாசிக்க வேண்டும்.

அரிசியில் கொடுத்த முதலிடத்தை மற்றவற்றில் கொடுப்பதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிறு காலை டியூஷன் முந்திக்கொள்கிறது; திடப்படுத்தல் வகுப்பு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகிறது. கல்யாணப் பேச்சில் இது இன்னும் வெளிப்படை. சாதி, நகை, வேலை எல்லாம் விசாரித்து முடிவெடுத்த பிறகு, "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்" என்கிறோம். வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லும் வார்த்தையாக ஜெபத்தை ஆக்கிவிட்டோம். பெண்ணைப் பெற்ற வீட்டார் அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து செருப்பை மாட்டுகிறார்கள்.

வரன் வந்த அன்றே, புகைப்படத்தையும் ஜாதகம்போலச் சுற்றும் அந்த விவரத் தாளையும் பிரிக்கும் முன், வீட்டார் எல்லாரும் முழங்காலில் நின்றால் என்ன? எந்தப் பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் நேரம் அது ஒன்றுதான். இந்தக் கல்யாணப் பேச்சைப் பற்றியே அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

(தொடரும்)