மென்பொருளுக்கு வழிகாட்டி நூல் எழுதலாமா?

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்ல வழி கேட்பவரிடம், "ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போங்கள்" என்கிறோம். இதற்குச் சாலை போட்டவரின் அனுமதி தேவையில்லை. ஆனால் பிறர் வரைந்த வழிப்படத்தை அப்படியே அச்சிட்டு விற்பது தவறு. ஒரு மென்பொருளைப் பயன்படுத்தும் முறையைத் தமிழில் நூலாக எழுத விரும்புவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். நிறுவனம் வழக்குப் போடுமோ என்று அஞ்சி எழுதாமல் விட்டால், இழப்பு தமிழ்வழி மாணவர்களுக்கே.

சட்டம் என்ன சொல்கிறது? நமது பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கணிப்பொறி நிரலும் இலக்கியப் படைப்பாகப் பாதுகாப்புப் பெற்றது. ஆனால் பாதுகாக்கப்படுவது கருத்து அன்று. அது வெளிப்படும் வடிவமே. 'நியூ தில்லி' என்ற இந்தித் திரைப்படம் பற்றிய வழக்கில், 1978இல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

ஆகவே எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நிகழும் என்பதை உங்கள் சொற்களில் எழுதலாம். நிறுவனத்தின் கையேட்டை அனுமதியின்றி மொழிபெயர்க்கலாகாது. மொழிபெயர்ப்பு உரிமையும் அதன் உரிமையாளருக்கே உரியது. திரையில் தோன்றும் ஓவியங்களும் கலைப்படைப்புகளே. அவற்றை அச்சிடுமுன் நிறுவனத்தின் விதிகளைப் படித்துப் பாருங்கள்.

நூலின் தலைப்பில் மென்பொருளின் பெயரைக் குறிப்பிடலாமா? 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஒரு பொருள் இன்னாருடையது என்று நேர்மையாகச் சுட்டுவதற்கு இடமளிக்கிறது. ஆனால் நிறுவனத்தின் சின்னத்தை அட்டையில் பெரிதாக அச்சிட்டால், அதுவே வெளியிட்ட நூல் என்ற மயக்கம் உண்டாகும். 'இது நிறுவனத்தின் வெளியீடு அன்று' என்று முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

லிப்ரே ஆபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் இத்தொல்லை குறைவு. அதன் ஆவணக் குழுவினர் எழுதிய கையேடுகளை, ஆசிரியர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம்.

பதிப்பாளருடன் செய்யும் ஒப்பந்தத்திலும் கவனம் தேவை. உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் காலம் குறிக்கப்படாவிடில் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் கொள்ளும்.

சட்டத்தைவிடப் பெரிய இடையூறு ஒன்று உண்டு. மென்பொருள் அடிக்கடி மாறும். இன்று மேலே இருக்கும் பட்டியல் நாளை இடம் மாறலாம். எனவே எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதினீர்கள் என்பதையும், எழுதிய மாதத்தையும் குறிப்பிடுங்கள். பொத்தான்களின் பெயரைத் திரையில் உள்ளவாறே தந்து, அருகில் தமிழ் விளக்கம் தருக. அச்சுக்கு அனுப்புமுன், கணிப்பொறிக்குப் புதியவரான ஒரு மாணவரிடம் கையெழுத்துப் படியைக் கொடுத்து, அருகில் பேசாமல் அமர்ந்திருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கே நீங்கள் ஒரு படியை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.