குளிருக்கு விடை, மனத்தாங்கலுக்கும்!

வைக்கோலால் கட்டிய பொம்மைப் பெண். பழைய பாவாடையும் தலையில் வண்ணத் துணியுமாக வாரம் முழுக்க ஊரின் மரியாதையைப் பெறுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அதே ஊர் திரண்டு வந்து அவளைத் தீயிலிடுகிறது. சாம்பலை வயலில் தூவினால் விளைச்சல் பெருகும் என்பது ரஷ்யக் கிராமங்களின் பழைய நம்பிக்கை. ‘மாஸ்லெனித்சா’ என்ற இந்த விழாவில்தான் அங்கே குளிர்காலத்தை வழியனுப்புகிறார்கள்.

ஈஸ்டருக்கு முன்வரும் பெரிய நோன்புக்கு முந்தைய ஏழு நாள் கொண்டாட்டம் இது. இறைச்சி இந்த வாரமே கிடையாது. பால், வெண்ணெய், முட்டை ஆகியவை நோன்பு தொடங்கியதும் நின்றுவிடும். அதனால் வீட்டு வெண்ணெயெல்லாம் ‘பிளினி’க்குப் போகிறது. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த கோதுமை அல்லது பக்வீட் மாவை, காய்ந்த இரும்புச் சட்டியில் மெல்லிசாக ஊற்றிச் சுட்டு, சூட்டோடு வெண்ணெய் தடவி அடுக்குவார்கள். முதல் பிளினியை இறந்த முன்னோரை நினைத்து ஏழைக்குக் கொடுப்பது பல ஊர்களில் வழக்கம்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முறை உண்டு. புதனன்று மாமியார் மருமகனை அழைத்து விருந்து வைக்கிறார். வெள்ளியன்று மருமகன் வீட்டில் மாமியாருக்கு உபசாரம். சனியன்று புது மருமகள் நாத்தனார்களை அழைத்துப் பரிசு தருகிறாள். வியாழன் முதல் தெருவெங்கும் ஆரவாரம்: பனிச்சறுக்கு, குதிரை வண்டிச் சவாரி, முஷ்டிச் சண்டை. சைபீரியாவில் பனிக்கோட்டை கட்டி, அதைக் குதிரையில் பாய்ந்து உடைப்பார்கள். அந்த நொடியை கிராஸ்னயார்ஸ்க் நகரில் பிறந்த ஓவியர் வசீலி சூரிகோவ் 1891-ல் வரைந்தார். சிதறும் பனிக்கட்டிகளுக்கு நடுவே குதிரை நம்மை நோக்கியே பாய்கிறது.

கடைசி நாளுக்கு ‘மன்னிப்பு ஞாயிறு’ என்று பெயர். பெரியவர், சிறியவர் பேதமின்றி ஒருவரையொருவர் வணங்கி மன்னிப்புக் கேட்கிறார்கள். “கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்” என்பது வழக்கமான பதில். பகையை மனத்தில் வைத்துக்கொண்டு நோன்புக்குள் நுழையக் கூடாது என்பது நியதி.

சோவியத் ஆட்சியில் நோன்பை விலக்கி, ‘ரஷ்யக் குளிர்காலத்தை வழியனுப்புதல்’ என்ற பெயரில் அரசே விழா நடத்தியது. பிளினியும் பொம்மையும் அதிலும் இருந்தன. இன்றும் நகரச் சதுக்கங்களில் கூட்டத்தை இழுப்பது அந்தத் தீதான். ஆனால் விழாவின் உயிர், மன்னிப்புக் கேட்கும் அந்தப் பழக்கத்தில் இருக்கிறது. குளிர்காலம் யார் வழியனுப்பாவிட்டாலும் தானே போய்விடும். மனத்தாங்கல் அப்படிப் போவதில்லை. யாராவது முதலில் தலைவணங்க வேண்டும். அதற்கென்று ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கிவைத்த மக்களின் பக்குவம் போற்றத்தக்கது.