மேய்ச்சல் முறையும் ஆட்டின் இரைப்பைப் புழுவும்

ஆடுகளின் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு, நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகின்றது. புழுக்கையுடன் வெளிப்படும் அவை, வெப்பமும் ஈரமும் கூடிய காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றவல்ல இளம்புழுக்களாகிப் புல்லின் மீது ஏறுகின்றன. தமிழ்நாட்டுப் பண்ணைகள் சிலவற்றில் பென்சிமிடசோல் வகை மருந்துகளுக்கு இப்புழு அடங்காமை காணப்பட்டிருத்தலின், மருந்தை மட்டும் நம்புதல் தகாது.

தமிழர் பலர் குடியேறிய பீஜித் தீவில் நடைபெற்று 1990-இல் வெளியான ஆய்வு, அத்தகைய வெப்பநிலத்தில் இளம்புழுக்கள் விரைவில் மடிதலைக் காட்டிற்று. அதனையொட்டிய பசிபிக் தீவுப் பரிசோதனையில் (1994) நிலம் 10 பிரிவுகளாக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் ஆடுகள் 3½ நாட்களே மேய்ந்தன. பின்னர் 31½ நாட்கள் அப்பிரிவு ஓய்ந்திருந்தது. ஒரே நிலத்தில் இடையறாது மேய்ந்த ஆடுகளினும் இவற்றின் புழுக்கையில் முட்டைகள் குறைந்தே காணப்பட்டன.

புல் தழைத்தது கண்டு இரண்டாம் வாரத்திலேயே ஆடுகளைத் திருப்பிவிடுதல் பெரும் பிழை. புல்லில் புழு மிகுந்திருப்பது அக்காலத்திலேதான். உதகை போன்ற குளிர்ந்த இடங்களில் இளம்புழு நெடுநாள் உயிர்த்திருக்குமாதலின், இந்நாட்கணக்கு அங்குப் பொருந்தாது.