பாலையில் ஒரு முதிய இல்லறம்



தமிழ் படிக்கும் உங்களுக்குப் பாலை என்பது புதிய சொல்லன்று. ஐந்திணைகளுள் அது பிரிவுக்கு உரிய திணை. வேனிலும் நண்பகலும் அதன் பொழுதுகள். தலைவன் பொருள் தேடிக் கடந்து செல்லும் வழியாகவே பாலையை நம் புலவர்கள் பெரும்பாலும் பாடினார்கள். அங்கேயே குடியிருந்து முதுமை எய்துவோரைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய நிலத்தில் நாற்பது ஆண்டுகள் பிரியாமல் வாழ்ந்த ஒரு கணவன் மனைவியின் அன்றாட வாழ்வைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ராஜஸ்தானத்தில், ஜோத்பூருக்கு வடமேற்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில், ஜைசல்மேர் செல்லும் இருப்புப்பாதையில் பலோடி என்றொரு சிறு நகர் உண்டு. உப்புக்குப் பேர்பெற்ற ஊர். சாளரங்களில் நுண்ணிய வேலைப்பாடு செய்த பழைய வணிகர் மாளிகைகள் அங்கே இன்றும் நிற்கின்றன. அவ்வூரில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். 1990-களில் அஜ்மீரில் நடந்த ஓர் ஆசிரியர் பயிற்சி முகாமில் அறிமுகமானவர், புவியியல் ஆசிரியர், என்னிலும் ஆறு வயது மூத்தவர். ஊரார் அவரை 'மாட்சாப்' என்பர். 'மாஸ்டர் சாகிப்' என்பதே மக்கள் நாவில் தேய்ந்து அவ்வாறு ஆயிற்று.

நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2016 மே மாதத்தில், அவர் இல்லத்தில் இரண்டு வாரம் தங்கினேன். பயணம் என்றால் கோடை விடுமுறையில்தான் என்பது முப்பது ஆண்டுப் பழக்கம். இனி எல்லா மாதமும் விடுமுறையே என்பது என் புத்திக்கு எட்டவில்லை. "விருப்பப்பட்டு மே மாதத்தில் இங்கே வந்தவர் நீங்கள் ஒருவர்தாம்" என்று நண்பர் சிரித்தார்.

அவர்களுடைய நாள் காலை நான்கு மணிக்கே தொடங்கிவிடும். இரவில் மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டிலில் உறங்குவார்கள். வறண்ட காற்றில் நீராவி குறைவு, மேகமும் இல்லை. ஆகையால் நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் தடையின்றி வானுக்கு விட்டுவிடுகிறது. நம் கடற்கரை ஊர்களில் நீராவி ஒரு போர்வைபோல அவ்வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த விடியற்காலை இதத்தில்தான் வீட்டு வேலைகள் எல்லாம் முடிய வேண்டும். நண்பரின் மனைவியை நான் அண்ணி என்னும் பொருளில் 'பாபிஜி' என்று அழைப்பேன். அந்த அம்மையார் ஏழு மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுவார். கம்பு ரொட்டி, மோரில் கம்பு மாவைக் கரைத்துக் காய்ச்சிய 'ராப்', உலர்ந்த 'சாங்கரி'க் காயில் ஒரு கறி. சாங்கரி என்பது எந்த மரத்தின் காய் என்று கேட்டு மரத்தைப் பார்க்கப் போனேன். பார்த்தால், நம் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி! நாம் வலம் வருகிறோம். அவர்கள் கறி சமைக்கிறார்கள்.

ஒன்பது மணிக்குமேல் கதவும் சாளரமும் அடைபடும். 'லூ' என்னும் அனற்காற்று வெளியே வீசும். அறையின் மூலையில் ஒரு மண்பானை இருந்தது. அதன் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. காற்று வறண்டிருப்பதால் அது அங்கே விரைவாக நடைபெறும். சென்னையில் அதே பானையை வைத்தால் அவ்வளவு குளிர்ச்சி கிட்டாது.

அவ்வீட்டில் பெட்டி பேழைகளுக்குப் பூட்டு இல்லை. நீர்த்தொட்டிக்கு மட்டும் பூட்டு இருந்தது. முற்றத்தின் அடியில் வெட்டிச் சுண்ணம் பூசிய அத்தொட்டியை 'டாங்கா' என்கிறார்கள். மாடியில் விழும் மழை சாய்வாக ஓடி அதில் சேரும். முதல் மழையை வெளியே விட்டுவிடுவார்கள். அது மாடியைக் கழுவிய நீர். நண்பர் எனக்குக் கரும்பலகையில் கணக்கிடுவதுபோல விளக்கினார். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மாடி 100 சதுர மீட்டர்; ஆண்டில் 200 மில்லிமீட்டர் பெய்தால் 20,000 லிட்டர். நாலில் ஒரு பங்கு வீணானாலும் 15,000 நிற்கும். இருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 7,300. ஆக, ஒரு நல்ல மழைக்காலம் இரண்டு ஆண்டுகளைத் தாங்கும்.

"குழாய் வந்துவிட்டதே, தொட்டி எதற்கு?" என்று கேட்டேன். குழாயில் வருவது இந்திரா காந்தி கால்வாயின் நீர். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகேயிலிருந்து பல நூறு கிலோமீட்டர் கடந்து வருவது. 1958-இல் அவ்வேலை தொடங்கியபோது பாலை மக்கள் அதைக் கதையென்றே எண்ணினார்களாம். இன்று அதுவே உயிர்நாடி. ஆனால் பழுது பார்க்கக் கால்வாயை அவ்வப்போது அடைப்பார்கள். அதுவும் கோடையை ஒட்டியே நேரும். அம்மையார் தம் முழங்கால் வலியோடு தொட்டியின் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததன் காரணம் அதுதான்.

அவர் இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். பானைக்கு அருகே இரு கிண்ணங்கள். ஒன்றில் பன்னிரண்டு கூழாங்கற்கள். நண்பர் ஒரு குவளை நீர் அருந்தியதும் ஒரு கல்லை மற்றக் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். நான் வருவதற்குப் பத்து நாள் முன்பு வங்கிக்குப் போய் வரும் வழியில் அவர் மயங்கி விழுந்திருந்தார். முதுமையில் தாகவுணர்ச்சி மங்கிவிடுகிறது. உடல் நீரிழந்தாலும் நா கேட்பதில்லை. வறண்ட காற்றிலோ வியர்வை தோன்றிய கணமே உலர்ந்துவிடுவதால், நீர் போவது கண்ணுக்கும் தெரிவதில்லை.

மே 19 அன்று பலோடியில் 51 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. இந்தியாவில் அதுவரை பதிவானவற்றுள் அதுவே மிக உயர்ந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, மாற்றிய கிண்ணத்தில் எட்டுக் கற்கள் இருந்தன. அம்மையார் கற்களைப் பார்க்கவில்லை. பானைக்குள் எட்டிப் பார்த்தார். நீர் அவ்வளவு குறையவில்லை. முப்பத்தைந்து ஆண்டு பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவர், தாமே கல்லை நகர்த்தி வைத்துவிட்டார்! நான் சிரித்தேன். அம்மையார் சிரிக்கவில்லை. "இன்று என்ன கிழமை?" என்று கணவரைக் கேட்டார். நண்பர் சற்று விழித்துவிட்டு, தம் பழைய பள்ளியின் மணி அடித்துவிட்டதா என்று திருப்பிக் கேட்டார். அப்போதுதான் எனக்குக் கை நடுங்கியது. வெப்பத் தாக்குதலில் முதலில் தடுமாறுவது அறிவே என்பதை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். எதிரே கண்டபோது தெரிந்துகொள்ளவில்லை.

அம்மையார் சட்டையைக் கழற்றச் சொல்லி, நனைத்த துணியால் அவர் உடலைப் போர்த்தி, மின்விசிறியின்கீழ் படுக்க வைத்தார். சுற்றியுள்ள காற்று உடலைவிடச் சூடாக இருக்கும்போது விசிறி மட்டும் பயன்படாது. தோல் நனைந்திருந்தால்தான் ஆவியாதல் வெப்பத்தை வாங்கும். நினைவு இருந்தமையால் உப்பிட்ட மோரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். மருத்துவர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நண்பர், "இன்று வியாழன்" என்றார், சற்றே கோபமாக. இன்னும் அரைமணி போயிருந்தால் நிலைமை வேறு என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அன்று மாலை கற்கிண்ணம் அம்மையாரின் பக்கத்துக்கு இடம் மாறியது.

ஜெய்ப்பூரிலுள்ள மகன் இருவரையும் அழைத்துச் செல்ல எத்தனையோ முறை வந்தார். இருவரும் போகவில்லை. நண்பர் 2021-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் காலமானார். அம்மையார் இன்றும் பலோடியில்தான் இருக்கிறார். மழைக்காலம் முடிந்ததும் தொலைபேசியில் பேசுவார். தொட்டியில் எத்தனை முழம் நீர் ஏறியிருக்கிறது என்பதை முதலில் சொல்வார். பிறகு, நான் நாளைக்கு எத்தனை குவளை நீர் அருந்துகிறேன் என்று கேட்பார். நான் சொல்லும் எண்ணை அவர் நம்புவதில்லை. என் மனைவியைக் கூப்பிடச் சொல்வார்.