காற்றுப்பையைக் கழற்றுமுன்

வடபுலத்தில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் இன்று மோட்டார் வண்டி ஓர் ஆடம்பரப் பொருளன்று. கோடை விடுமுறையிலும் பொங்கலுக்கும் ரயிலில் இடம் கிடைக்காதபோது, நாகபுரியிலிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, ஐதராபாத், பெங்களூர் வழியாகச் சேலத்துக்கும் மதுரைக்கும் குடும்பத்தோடு சொந்த வண்டியிலேயே சென்று வருவோர் பலர். அவ்வண்டிகளுள் பல, பிறர் ஓட்டிய பின் நம் கைக்கு வந்தவை. ஆகவே சிறு பழுதுகளை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளும் வழக்கமும் வளர்ந்திருக்கிறது. அது பாராட்டத்தக்கதே. எனினும் ஒரு வேலையைக் குறித்து மட்டும் அன்பர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுவே உள்ள காற்றுப்பையை, அதாவது ஏர்பேக் என்று எல்லோரும் வழங்கும் சாதனத்தை, வீட்டில் கழற்றுவதே அவ்வேலை.

ஹாரன் அடிக்கவில்லை, சக்கரத்தின் தோலுறை கிழிந்துவிட்டது, எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்று ஏதேனும் ஒரு காரணத்தால் இதைக் கழற்ற நேரிடுகிறது. நம் குடியிருப்பிலுள்ள இளைஞர் ஒருவர், “அண்ணா, பின்பக்கம் இரண்டு திருகாணிதான், கால்மணி நேர வேலை” என்றார். “திருகாணி இரண்டுதான் தம்பி, அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்று பார்த்தீர்களா?” என்று கேட்டோம். அவ்வினாவுக்கு விடையே இக்கட்டுரை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ஹெட்ரிக் என்னும் பொறியாளர், 1952-இல் மனைவியோடும் சிறு மகளோடும் வண்டியில் சென்றபோது ஒரு விபத்திலிருந்து தப்பினார். பிரேக்கை அழுத்திய அக்கணத்தில், மகள் முன்னே மோதிவிடாதபடி தாயும் தந்தையும் தாமறியாமலே கையை நீட்டித் தடுத்தனராம். அக்கையின் வேலையை ஒரு சாதனம் செய்யலாகாதா என்ற எண்ணத்தின் பயனாக, 1953-இல் அவர் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஜெர்மனியில் வால்டர் லிண்டரர் என்பவரும் இத்தகைய காப்புரிமை பெற்றார். இருவரும் நம்பியது அழுத்தி அடைத்த காற்றை. அந்த வேகம் போதவில்லை. பின்னர் வெடிமருந்தைக் கொண்டு வாயுவை உண்டாக்கும் முறை வந்த பிறகே சாதனம் பயன்பாட்டுக்கு வந்தது. 1981-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ் வகை வண்டிகளில் இடம்பெற்றது. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கும், 2022 ஜனவரி முதல் அருகில் அமர்பவருக்கும் இது கட்டாயம்.

ஆக, சக்கரத்தின் நடுவே மடிந்து கிடப்பது வெறும் பையன்று. மருந்து நிரப்பிய ஓர் உலோகக் கிண்ணமும் அதனுடன் இருக்கிறது. வண்டி மோதியதை உணர்கருவி அறிந்ததும், சிறிது மின்சாரம் கிண்ணத்துக்குள் பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கிறது. ஒரு நொடியில் நூற்றில் மூன்று, நான்கு பங்கு நேரத்துக்குள் பை விரிந்துவிடும். நாம் கண்ணிமைப்பதற்கும் அதைவிட அதிக நேரம் ஆகும். மூடுபனிக் காலத்தில் தண்டவாளத்தின் மேல் வைக்கும் எச்சரிக்கை வெடியை ரயில்வே ஊழியர் எவ்வளவு மரியாதையோடு கையாளுகின்றனரோ, அவ்வளவு மரியாதை இதற்கும் உரியது. முகத்தருகே வெடித்தால் கண்ணும் செவியும் கைவிரல்களும் கெடக்கூடும்.

முதலாவது அறிவுரை: இவ்வேலையை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் ஒப்படைப்பதே நன்று. மோதலில் அடிபட்ட வண்டியாயினும், எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருப்பினும், வீட்டில் தொடவே வேண்டா. பழக்கமுள்ளவர் செய்வதாயினும், பட்டறைக்காரர் செய்வதை அருகிருந்து பார்ப்பதாயினும், வரிசை இதுவாக இருத்தல் வேண்டும்.

அந்த வண்டிக்குரிய கையேட்டைப் படித்த பின்னரே தொடங்குக. முன் சக்கரங்களை நேராக நிறுத்திச் சாவியை எடுத்துவிடுக. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, மீண்டும் படாதபடி ஒதுக்கிக் கட்டுக. இதன்பின் உடனே கைவைத்தலாகாது. மோதலில் பாட்டரி அறுந்தாலும் பை விரிய வேண்டுமென்பதற்காக, கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிறிது மின்சாரம் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். அது வடியச் சில வண்டிகளுக்கு ஓரிரு நிமிஷம், சிலவற்றுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேலும் ஆகும். கையேடு கூறும் நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். அரைமணி காத்திருந்தால் நட்டமொன்றுமில்லை.

பிறகு வண்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்க. திருகாணிகளையோ உள்ளிருக்கும் வில் கொக்கிகளையோ விடுவித்துப் பையை மெல்ல முன்னிழுத்து, மஞ்சள் நிற இணைப்பியின் பூட்டைத் தூக்கியபின் கழற்றுக. கம்பியைப் பிடித்து இழுத்தல் கூடாது. கையில் எடுத்துச் செல்லும்போது மூடியின் முகம் உடலுக்கு அப்பால் நோக்கியிருக்க வேண்டும். கீழே வைக்கும்போது மூடி மேல்நோக்கி இருக்க வேண்டும். அதன்மேல் ஒன்றும் வைத்தலாகாது. கவிழ்த்து வைத்து வெடித்தால் சாதனம் முழுவதும் வாணம்போல் மேலே பாயும். மீட்டர் வைத்துச் சோதித்தல் கூடவே கூடாது. அதன் சிறு மின்சாரமே மருந்தைப் பற்றவைக்கக்கூடும். சுத்தியலும் நெருப்பும் அருகே வரலாகாது, குழந்தைகளும் அப்படியே. சக்கரத்தையும் கழற்றினால், அதற்குப் பின்னுள்ள சுருள் நாடாவைத் திருப்பாமல் விடுக. திருப்பினால் நாடா அறுந்து ஹாரனும் பையும் செயலிழக்கும்.

திரும்பப் பொருத்துகையில் இணைப்பிகளை மாட்டி, திருகாணிகளை முடுக்கி, கடைசியாகவே பாட்டரியை இணைக்க வேண்டும். அப்போது இருக்கையில் எவரும் அமர்ந்திருத்தல் கூடாது. சாவியைத் திருப்புபவரும் பைக்கு நேரே முகம் வைக்காமல் பக்கத்தில் நின்று திருப்புக. எச்சரிக்கை விளக்கு சில நொடிகள் எரிந்து அணைந்தால் ஒழுங்காயிற்று என்று பொருள்.

பழைய வண்டி வாங்குவோர் இவ்விளக்கையே முதலில் பார்க்க வேண்டும். சாவி போட்டதும் எரியவே எரியாத விளக்கு ஐயத்துக்குரியது. விரிந்துபோன பையை மாற்றாமல், மின்தடை ஒன்றை ஒட்டிக் கருவியை ஏமாற்றி, மேலே மூடியை மட்டும் பொருத்தி விற்போர் உண்டு. அவ்வண்டியில் ஏறும் குடும்பம் வெற்று மூடியை நம்பிப் பயணம் செய்கிறது. ஜப்பானியத் தக்காத்தா நிறுவனம் செய்த சில பைகளில், வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் மருந்து கெட்டு, உலோகத் துண்டுகள் சிதறி உயிர்ச்சேதம் விளைந்தது. 2008 முதல் உலகெங்கும் கோடிக்கணக்கானவை திரும்பப் பெறப்பட்டன. 2017-இல் அந்நிறுவனம் திவாலாயிற்று. உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணை நிறுவனத்தாரிடம் கொடுத்து விசாரித்தால், அத்தகையதாயின் இலவசமாகவே மாற்றித் தருவர்.

கழற்றிய பையைக் கபாடிக்காரரிடம் எடைக்குப் போடுவது பெரும் தவறு. எரிக்கும் நெருப்பிலோ உடைக்கும் கையிலோ அது வெடிக்கும். பட்டறையிலேயே ஒப்படைக்க வேண்டும். ஊரில் மலிவாகப் பழுது பார்க்கலாமென்று பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுசெல்வதும் ஆகாது. அபாயகரமான பொருளைச் சட்டவிரோதமாக ரயிலில் கொணர்வோருக்கு, 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சட்டத்தைவிடப் பெரிது, அதே பெட்டியில் உறங்கும் பிறர் குழந்தைகளின் உயிர்.

இறுதியாக ஒன்று. காற்றுப்பை துணைக் காவலே; முதற்காவல் இருக்கை வார்தான். வார் அணியாதவர் விரியும் பையின்மேலேயே வேகமாக மோதுவர். சக்கரத்துக்கும் மார்புக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும். குழந்தைகளைப் பின்னிருக்கையில் அமர்த்துங்கள். தாய்மார்கள் கைக்குழந்தையை மடியில் வைத்து முன்னே அமர வேண்டா. இவற்றுக்குத் திருகுளி தேவையில்லை, செலவுமில்லை. இந்த விடுமுறைக்குப் புறப்படுமுன் ஒவ்வொரு இல்லத்திலும் இவற்றைக் கைக்கொள்ள வேண்டுகிறோம்.