முட்டைக்குக் கோழி வாங்கும் முன் மூன்று கேள்விகள்

“வருசத்துக்கு எத்தனை முட்டைங்க போடும்?” புதிதாகக் கோழி வளர்க்க வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. கூடவே இன்னும் இரண்டு கேட்கணும். அந்த முட்டைக்கு அது என்ன தின்னும்? அடுத்த தலைமுறைக் குஞ்சு எங்கிருந்து வரும்?

வெள்ளை லெக்ஹார்ன் வழி வந்த பண்ணைக் கோழி வருடத்துக்கு 300 முட்டை வரை போடும். ஆனால் நாளொன்றுக்கு 110 கிராம் அளவுக்குச் சரிவிகிதத் தீவனம் வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு கோழிக்கு வருடத்துக்கு 40 கிலோ. தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு ‘மேஞ்சு தின்னுக்கோ’ என்றால் முட்டை குறைந்துவிடும். அடைக்கும் உட்காராது.

அடுத்தது, புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கியவை. ஐதராபாத்தில் இருக்கும் கோழியின ஆராய்ச்சி இயக்ககத்தின் கிராமப்பிரியா முட்டைக்கு ஏற்றது. வனராஜா கறி, முட்டை இரண்டுக்கும் ஆகும். நல்ல மேய்ச்சலோடு கொஞ்சம் தீவனமும் கொடுத்தால் கிராமப்பிரியாவிடம் 150 முட்டைக்கு மேல் எதிர்பார்க்கலாம். ஆனால் இவை வெவ்வேறு வழிகளைச் சேர்த்து எடுத்த கலப்பு. இவற்றின் முட்டையைப் பொரிக்க வைத்தால் குஞ்சுகள் தாயைப் போலவே இருக்காது. ஒட்டுரக விதையை எடுத்து விதைத்தால் என்ன ஆகுமோ அதே கதைதான். ஒவ்வொரு முறையும் குஞ்சு விலைக்கு வாங்கணும்.

மூன்றாவது நம்ம சிறுவிடை. ஒரு தடவைக்கு 10 முதல் 15 முட்டை, வருடத்துக்கு மூன்று நான்கு தடவை. கூட்டினால் 30 முதல் 60 முட்டைதான். ‘இவ்வளவுதானா?’ என்று தோணும். 21 நாள் அடை, அதன்பிறகு குஞ்சோடு திரியும் காலம் என்று மீதி நாளெல்லாம் போய்விடுகிறது. அடையில் இருக்கும் கோழி முட்டை போடாது. அதனால்தான் பண்ணை இனங்களில் அந்தக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். நமக்கோ அதுதான் சொத்து. கரண்டும் இல்லை, பொரிப்பு இயந்திரமும் இல்லை. குஞ்சு பொரித்து, கரையான் கிளறக் கற்றுக்கொடுத்து, பருந்து வந்தால் இறக்கைக்குள் மறைத்து வளர்ப்பது அந்தத் தாய்தான்.

அதனால் என் தோட்டத்தில் இரண்டையும் வைத்திருக்கிறேன். குஞ்சுக்குச் சிறுவிடை, விற்பனை முட்டைக்குக் கொஞ்சம் கிராமப்பிரியா. ஒரே ஒரு கட்டுப்பாடு: சேவல் சிறுவிடைச் சேவல் மட்டும்தான், பத்துப் பெட்டைக்கு ஒன்று. கலப்புச் சேவல்களை வளர்ந்ததும் கறிக்குக் கொடுத்துவிடுவேன். அவற்றைச் சேரவிட்டால் ரெண்டு மூணு தலைமுறையில் அடை உட்காரும் குணம் நம்ம கோழியிலும் கரைந்துபோகும்.

சிறுவிடையிலேயே முட்டையைக் கூட்டவும் வழி இருக்கிறது. பெட்டையின் காலில் கலர் நூல் கட்டிக் கணக்கு எழுதுங்கள். எது அதிகம் இட்டு, கூமுட்டை இல்லாமல் பொரிக்கிறதோ அதன் முட்டையையே அடைக்கு வையுங்கள். சேவலையும் அப்படிப்பட்ட தாயின் குஞ்சிலிருந்தே எடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு ஊர்ச் சிறுவிடைச் சேவலை மாற்றினால் ரத்த உறவில் இனம் நலியாது.

குஞ்சு தேவையில்லாத நேரத்தில் அடைக்கு உட்காரும் கோழியைத் தண்ணீரில் முக்கி வதைக்க வேண்டாம். தீனி, தண்ணீர் வைத்து, அடியில் காற்று போகிற கம்பிக் கூண்டில் நாலைந்து நாள் விட்டால் அடை தெளிந்து சீக்கிரம் முட்டைக்கு வரும். குஞ்சுகளுக்கு இறகு நன்றாக முளைத்ததும் தாயைப் பிரித்துவிட்டாலும் அப்படித்தான்.

வளர்ந்த பெட்டையாக வாங்கினால் கையில் பிடித்துப் பாருங்கள். முட்டையிடும் கோழிக்குக் கொண்டை சிவந்து பளபளப்பாக இருக்கும். எச்சத்துவாரத்தை ஒட்டி இருபுறமும் தட்டுப்படும் எலும்பு முனைகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும். ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இப்போது முட்டையில் இல்லை என்று அர்த்தம். எந்த இனமானாலும் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவனம் வாங்க வசதியும் பக்கத்தில் முட்டைக்குச் சந்தையும் இருந்தால் கலப்பினம் கைகொடுக்கும். மேய்ச்சல் நிலம்தான் இருக்கிறது, கைக்காசு இல்லை என்றால் ஐந்து சிறுவிடைப் பெட்டை, ஒரு சேவலோடு தொடங்குங்கள். வாங்கப் போகும் இடத்தில் முட்டைக் கணக்கு கேட்பதோடு நிற்காமல், குஞ்சோடு மேயும் தாயையும் காட்டச் சொல்லுங்கள்.