கர்னாத்தாவின் சுவரில் ஒரு வாசகம்



திருக்கழுக்குன்றத்திலிருந்து கிழக்கே கடற்கரைக்குச் சென்றால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை சிதைந்து கிடக்கக் காணலாம். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி இந்தியாவிலிருந்த தம் இடங்களை ஆங்கிலேயரிடம் விட்டு அவர்கள் அகன்றனர். 1947-இல் ஆங்கிலேயரும் அகன்றனர். ஆட்சி எவரிடமும் நிலைப்பதில்லை என்பதற்கு அந்த இடிந்த மதிலே சான்று.

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைச் சிந்திக்குமாறு திருமறை பலமுறை பணிக்கின்றது. அவ்வாறு சிந்திப்போர்க்கு ஸ்பெயின் நாடு ஒரு திறந்த ஏடாகும். நம் மதுரைக்கு வந்த பயணி இப்னு பதூதா, பின்னர் 1350 அளவில் அந்நாட்டின் கர்னாத்தா நகரையும் கண்டார். இன்று நம் பிள்ளைகளும் அங்கே சுற்றுலா செல்கின்றனர்.

குர்துபாவில், முதலாம் அப்துர் ரஹ்மான் எட்டாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய பள்ளிவாசலைக் காண்போர் மனம் கனக்கும். எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆயினும் 1236 முதல் அது கிறிஸ்தவ தேவாலயம்; அங்கே நாம் தொழ அனுமதியில்லை. செல்வோர் அவ்விதியை மதித்து, உள்ளத்தால் இறைவனை நினைந்து வருதலே முறை.

அடுத்து கர்னாத்தாவின் அல்ஹம்ரா அரண்மனை. அதன் சுவர்களில் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருப்பது, 'அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவருமில்லை' என்ற வாசகம். அதன் நிழலில் வாழ்ந்த கடைசி மன்னர் அபூ அப்துல்லாஹ்வோ, அரியணைக்காகத் தந்தையை எதிர்த்தார்; சிற்றப்பனோடும் போரிட்டார். உட்பகையால் மெலிந்த நகரம் 1492 ஜனவரி 2-ஆம் நாள் ஃபெர்டினாண்டு, இசபெல்லா ஆகியோர் வசமாயிற்று.

அரியணை போயிற்று. ஆனால் உழவரும் வணிகரும் விட்டுச் சென்றவை அழியவில்லை. அரபியில் 'அஸ்ஸைத்' எனப்படும் எண்ணெய் ஸ்பானிய மொழியில் 'அசெய்த்தே'. 'அஸ்ஸுக்கர்' எனும் சர்க்கரை 'அசூக்கார்'. உழைத்தோரின் சொல் அடுப்படியில் இன்றும் வாழ்கின்றது.

சகோதரர்களே, தாய்மார்களே! நம் இல்லங்களின் சுவர்களிலும் திருவசனங்களைச் சட்டமிட்டு மாட்டியுள்ளோம். அவற்றின் கீழமர்ந்தே, பாகப்பிரிவினைக்காக உடன்பிறந்தாரோடு பேச்சற்று வாழ்வோர் நம்மில் இல்லையா? கர்னாத்தாவைக் காண எல்லார்க்கும் வசதி வாய்க்காது. ஆனால் அது கற்பிக்கும் பாடத்தை இன்று ஜும்ஆ முடிந்ததும் அண்ணன் வீட்டு வாசலில் ஸலாம் கூறி நிறைவேற்றலாம்.

சுவரிலுள்ளதை நம் உள்ளங்களிலும் வல்ல நாயன் பதிப்பானாக! ஆமீன்.